குத்து அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஐவரி போர்டு போதாதா?

கேள்வி · கடலூர் முதுநகர் · 3 ஆகஸ்ட், காலை 10.12

பாபின் லேஸ் (தலையணை மேல பின் குத்தி, பாபின்ல சுத்தின நூலால பின்னற லேஸ்) மாதிரியைக் குத்தி வைக்கிற அட்டைக்கு ஐவரி போர்டே போதும்னு நினைக்கிறேன். ஜெராக்ஸ் கடையில 300 ஜி.எஸ்.எம். அட்டையில நேரா பிரிண்ட் எடுத்து, 9-ஆம் நம்பர் ஊசியால குத்தினேன். டோர்ஷான் (45 டிகிரி சாய்வுக் கட்டத்துல பின்னற லேஸ் வகை) விளிம்பு, 4 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம். பாதி தூரம் போனதும் பின் எல்லாம் உள்பக்கம் சாயுது. துணியோட சேர்த்துத் தைக்கிற நேர் விளிம்பு அலை அலையா வருது. கோளாறு தலையணையிலயா, அட்டையிலயா?

பதில் · புதுச்சேரி · 3 ஆகஸ்ட், இரவு 9.40

அட்டையில ஆரம்பிக்காதீங்க, பின்னில ஆரம்பிங்க. பின் தடிமனுக்கு ஏத்த ஊசி, ஊசிக்கு ஏத்த அட்டை, அட்டை மேல ஒட்டற ஃபிலிம் கடைசி. பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா பண்றாங்க.

தலையணை பின்னோட கீழ்ப் பகுதியைப் பிடிக்குது. ஆனா பின் மேலே எந்தப் புள்ளியில நிக்கணும்னு முடிவு பண்றது அட்டையில இருக்கிற ஓட்டை. ஓட்டை பின்னைவிடப் பெருசா இருந்தா, நூலை இழுக்கிற பக்கம் பின் நகரும். நேர் விளிம்புல இழுப்பு எப்பவும் ஒரே பக்கம், உள்நோக்கி. அதனாலதான் கோளாறு அங்கதான் முதல்ல தெரியும்.

ஊசி நம்பரை நம்பாதீங்க. ஒரு கம்பெனியோட 9-உம் இன்னொரு கம்பெனியோட 9-உம் ஒரே தடிமன்ல இருக்கணும்னு இல்லை. மைக்ரோமீட்டர் இல்லாட்டியும் அளக்கலாம். 10 ஊசியை இடைவெளி இல்லாம பக்கத்துல பக்கத்துல அடுக்கி, ஸ்டீல் ஸ்கேல்ல மொத்த அகலத்தைப் பாருங்க. 10-ஆல வகுத்தா ஒரு ஊசியோட தடிமன். காதுப் பக்கம் தட்டையா இருக்கும், அங்க அளக்காதீங்க, நடுவுல அளக்கணும். பின்னுக்கும் அதே மாதிரி, தலைகளை மாத்தி மாத்தி வச்சா ஒட்டி உட்காரும். ரெண்டையும் அளந்துட்டு இங்க எழுதுங்க.

கேள்வி · கடலூர் முதுநகர் · 4 ஆகஸ்ட், மதியம் 1.05

10 ஊசி 6 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 10 பின் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம்.

பதில் · புதுச்சேரி · 4 ஆகஸ்ட், இரவு 8.15

அப்போ விடை கிடைச்சாச்சு. உங்க பின் 0.53 மி.மீ. வகை, ஊசி 0.58-க்குப் பக்கம். ஊசி பின்னைவிடத் தடிமன், அதுவும் ஐவரி போர்டுல. ஓட்டை லொடலொடன்னுதான் இருக்கும்.

லேஸ் பின்கள் பொதுவா 26 மி.மீ. நீளம், 0.53, 0.58, 0.65 மி.மீ. தடிமன்ல வருது. நடுத்தர டோர்ஷானுக்கு 0.58 அல்லது 0.65, மெல்லிய நூலுக்கு 0.53. வெளியூர்லேருந்து வரவழைக்க முடியலைன்னா செத்த பூச்சிகளைக் காட்சிக்குக் குத்தி வைக்கிற பின்னைக் கல்லூரி ஆய்வகப் பொருள் விக்கிற கடையில கேளுங்க. அது 38 மி.மீ. நீளம். நம்பர் 1 – 0.40, நம்பர் 2 – 0.45, நம்பர் 3 – 0.50, நம்பர் 4 – 0.55 மி.மீ. நீளம் அதிகம்ங்கிறதால தலையணை மெல்லிசா இருந்தா முனை அடிப்பலகையில முட்டி வளையும், தடிமனான தலையணைக்கு மட்டும் வாங்குங்க. பலசரக்குக் கடைக் குண்டூசி வேண்டாம். முனை மொண்ணை, கடல்காத்துல ஒரே மாசத்துல துரு. வெள்ளை நூல்ல ஏறின துருக்கறை லேசுல போகாது. பித்தளைப் பின் துருப்பிடிக்காது, ஆனா பச்சை பூக்கும். வேலை முடிஞ்சதும் உலர்ந்த துணியால துடைச்சு டப்பாவுல போட்டா போதும்.

குத்துற ஊசி பின்னைவிட 0.05 மி.மீ. குறைவா இருக்கணும். சமமா இருந்தாலும் பரவாயில்லை. தடிமனா இருக்கவே கூடாது.

தையல் மெஷின் ஊசியை எடுக்காதீங்க. 90/14-ன்னு போட்டிருந்தா 0.90 மி.மீ., 75/11-ன்னா 0.75. முதல் எண் மி.மீ.ல நூத்துல ஒரு பங்கு. பின்னோட ஒப்பிட்டா எல்லாமே தடிமன். தண்டுல நூல் ஓடுற பள்ளம் வேற இருக்கு, ஓட்டை வட்டமா வராது.

பதில் · புதுச்சேரி · 4 ஆகஸ்ட், இரவு 8.50

ஊசியை எதுல பிடிக்கிறதுன்னு சொல்ல விட்டுட்டேன். விரல்ல பிடிச்சு 100 ஓட்டைக்கு மேல நேரா குத்த முடியாது. பொற்கொல்லர் கருவி விக்கிற கடையில பின் வைஸ் இருக்கும், கடிகாரம் பழுது பாக்கிறவங்க வச்சிருக்கிற அதே கைப்பிடி. ஊசி 10-லேருந்து 12 மி.மீ. மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும், கூட நீட்டினா ஊசி வளைஞ்சு ஓட்டை சாயும். பின் வைஸ் இல்லாட்டி பழைய பெயின்ட் பிரஷ் கைப்பிடியில சின்னதா துளை போட்டு, ஊசியோட காதை உடைச்சுட்டு, அரக்கை உருக்கிச் சொருகுங்க. அரக்கு ஆறினா அசையாது. ஊசி மழுங்கினா சூடு காட்டி உருவிடலாம்.

கேள்வி · கடலூர் முதுநகர் · 6 ஆகஸ்ட், காலை 7.30

சரிக்கா. ஊசியை மாத்திடறேன். அப்பவும் ஐவரி போர்டு ஆகாதா?

பதில் · புதுச்சேரி · 6 ஆகஸ்ட், இரவு 10.20

ஒரு தடவைக்கு ஆகும், ரெண்டாவது தடவைக்கு ஆகாது.

ஐவரி போர்டு பல அடுக்கு. மேலே வழவழப்பான பூச்சு, நடுவுல பஞ்சு மாதிரி தளர்வான கூழ். ஊசி இறங்கும்போது மேல் பூச்சு விரிசல் விடுது, நடு அடுக்கு அமுங்குது. பின்னைப் பிடிக்க அங்க ஒண்ணும் இல்லை. 300 ஜி.எஸ்.எம். ஏறக்குறைய 0.4 மி.மீ. தடிமன் இருக்கும், ஆனா தடிமன்ல என்ன இருக்கு, அடர்த்திதான் வேணும்.

உங்களுக்கு வேண்டியது நம்ம ஊர்லயே கிடைக்குது: மோட்டார் வைண்டிங் கடை. ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாத பகுதி) பள்ளத்துல காப்பர் கம்பிக்கு அடியில வைக்கிற பிரஸ்போர்டு. பழுப்பு நிறம், வழவழன்னு இறுக்கமா அழுத்தின தாள். ஐரோப்பாவுல லேஸ்காரங்க வாங்குற வழவழப்பான குத்து அட்டைக்கும் இதுக்கும் குணம் ஏறக்குறைய ஒண்ணு. வைண்டிங் கடையில தடிமனை மில் கணக்குல சொல்வாங்க. 10 மில்னா 0.25 மி.மீ., 15 மில்னா 0.38. தட்டையான தலையணைக்கு 15 மில், உருளைக்கு 10 மில். சுருள்ல வரும், வாங்கினதும் எதிர்ப்பக்கமா தளர்வா சுருட்டி ஒரு ராத்திரி வச்சு, அப்புறம் கனமான புத்தகத்துக்கு அடியில 2 நாள். பலபேர் பிரஸ்போர்டையும், இன்னொரு மோட்டார் காப்புத் தாளான லெதராய்டோட பேர்லதான் கேட்பாங்க. நீலம் பூசின பாலியஸ்டர் தாளைக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க, அது பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் எதுவும் சரிப்படாது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம், ஓ.எச்.பி. ஷீட்டுன்னு சிலர் பண்றாங்க. ஊசி கிறீச்னு சத்தம் போட்டு இறங்கும், இறங்கினதும் பொருள் சுருங்கி இறுக்கும், பின்னை வெளியே எடுக்கும்போது பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து உருவும்.

ஆபீஸ் ஃபைல் அட்டை பரவாயில்லை, பளபளப்பான பக்கம் மேல வரணும். புதுச்சேரி எஸ்.வி. படேல் சாலை அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத்தையும் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. பருத்தித் துணியில செய்யற அருமையான தாள், எழுதவும் வரையவும் அதுக்கு ஈடில்லை. ஆனா நார் நீளமாவும் மென்மையாவும் இருக்கு, ஓட்டை விளிம்புல பிசிர் எழும்பி நூல்ல மாட்டும். அந்தத் தாளை வரையறதுக்கே வச்சுக்கோங்க.

பதில் · திருப்பாதிரிப்புலியூர் · 7 ஆகஸ்ட், காலை 11.45

அச்சகத் தொழிலில் இருப்பவன் என்பதால் பிரிண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். கேள்வி கேட்டவர் அளவைச் சரிபார்த்தாரா?

மாதிரியின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு படுக்கையாகவும், இன்னொன்று செங்குத்தாகவும் வரைந்து சேர்த்துவிடுங்கள். அச்சானதும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டையும் அளக்க வேண்டும். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பு தானாகவே போடப்பட்டிருந்தால் 100 மி.மீ. கோடு 96, 97 என்று வரும். கடைக்காரரிடம் "ஆக்சுவல் சைஸ்" என்று சொல்லுங்கள். கோப்பை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாதீர்கள். தரம் குறையும், அளவும் காணாமல் போகும். பி.டி.எஃப். ஆக்கி டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நகலின் நகல் எடுக்கக் கூடாது. ஒரு நகலுக்கு 1% பிழை என்றால் ஐந்தாம் நகலில் 5%. 30 செ.மீ. மாதிரியில் அது 15 மி.மீ. அதுவும் நீளவாக்கில் ஒரு மாதிரி, அகலவாக்கில் ஒரு மாதிரி நீளும் மெஷின்கள் உண்டு. அப்போது 45 டிகிரி சாய்வு 45 டிகிரியாக இருக்காது.

லேசர் பிரிண்ட் மட்டும். இங்க்ஜெட் மை நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கே கசியும், கை வியர்வை பட்டால் நூலுக்கும் போகும்.

கேள்வி · கடலூர் முதுநகர் · 7 ஆகஸ்ட், மாலை 6.20

அளந்தேன் அண்ணா. 100 மி.மீ. கோடு இல்லை, ஆனா 4 மி.மீ. இடைவெளி 10 சேர்ந்தா 40 வரணும், 38.8 வருது.

பதில் · திருப்பாதிரிப்புலியூர் · 7 ஆகஸ்ட், மாலை 6.41

97%. பக்கத்துக்குப் பொருத்திவிட்டார்கள்.

பதில் · புதுச்சேரி · 8 ஆகஸ்ட், இரவு 9.10

97% ஆனதால மட்டும் லேஸ் கெட்டுப் போகாது. நூல் தடிமனுக்குப் பொருந்தினா எந்த அளவும் சரிதான். அதனால நூலையும் அளங்க.

ஸ்கேல் மேல நூலை இழுத்துப் பிடிக்காம, ஏறாம ஒட்டி ஒட்டிச் சுத்துங்க. 1 செ.மீ.க்கு எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. 2 செ.மீ.க்குச் சுத்திப் பாதியாக்கினா இன்னும் துல்லியம். டோர்ஷானுக்குத் தொடக்கக் கணக்கு: நேர் விளிம்புல அடுத்தடுத்த ரெண்டு பின்னுக்கு நடுவுல ஏறக்குறைய 12 சுத்து நூல் உட்காரணும். இடைவெளி 4 மி.மீ.ன்னா செ.மீ.க்கு 30 சுத்து வர்ற நூல். உங்க நூல் 24 சுத்துதான்னா இடைவெளி 5 மி.மீ. வேணும், அதாவது மாதிரியை 125% ஆக்கணும்.

யாரோ போட்ட மாதிரியில நூல் பேர் இருந்து, அந்த நூல் இங்க கிடைக்கலைன்னாலும் இதே வழிதான். அவங்க நூலோட சுத்தை உங்க நூலோட சுத்தால வகுங்க. 24-ஐ 20-ஆல வகுத்தா 1.2, 120% பிரிண்ட். அப்புறம் முழுசா குத்துறதுக்கு முன்னாடி 3 செ.மீ. மட்டும் குத்திப் பின்னிப் பாருங்க. துணி மாதிரி நெய்யற பகுதி ரொம்ப நெருங்கி புடைச்சா இடைவெளி போதலை, வலை தொளதொளன்னு கிடந்தா இடைவெளி அதிகம்.

பதில் · புதுச்சேரி · 9 ஆகஸ்ட், காலை 6.50

கையால வரைய விரும்பறவங்களுக்கு: டோர்ஷானுக்கு மி.மீ. கிராஃப் தாள் போதும். 2 மி.மீ. கட்டத்துல மூலைவிட்டு மூலை புள்ளி வச்சா 45 டிகிரி வந்துரும், நேர் விளிம்பு இடைவெளி 4 மி.மீ. கிராஃப் தாளையும் ஒரு தடவை ஸ்கேல் வச்சு அளந்துட்டு நம்புங்க. பக்ஸ் பாயின்ட்டுக்கு (இன்னொரு பாபின் லேஸ் வகை) இது ஆகாது, அதோட சாய்வு வேற, விளிம்புலேருந்து 45-ஐ விட அதிகம். அதுக்குச் சாய்வுக் கட்டம் தனியா வேணும். கம்ப்யூட்டர்ல இங்க்ஸ்கேப் இலவசம், அதுல எந்தச் சாய்வுலயும் கட்டம் போடலாம். புள்ளியைக் கறுப்பு உருண்டையா போடாதீங்க, ஊசி நடுவுலதான் இருக்கான்னு தெரியாது. 0.8 மி.மீ. வெறும் வட்டம், மெல்லிய கோடு. கண் தானா நடுவைக் கண்டுபிடிக்கும்.

பென்சில் கூடாது, கரி நூல்ல ஏறும். கார்பன் தாளும் கூடாது. பால் பாயின்ட் பேனாவோட எண்ணெய் மை எத்தனை நாளானாலும் ஒட்டிக்கிட்டே இருக்கும். நீரில் கரையாத பிக்மென்ட் மை பேனா, 0.1 அல்லது 0.2 முனை.

கேள்வி · கடலூர் முதுநகர் · 12 ஆகஸ்ட், இரவு 8.00

பிரஸ்போர்டு கிடைச்சுது. பிரிண்ட்டை ஃபெவிகால் போட்டு ஒட்டிடலாமா?

பதில் · புதுச்சேரி · 12 ஆகஸ்ட், இரவு 8.04

ஒட்டாதீங்க! தண்ணி கலந்த பசை பட்டதும் தாள் விரியும். அளவு சரிபார்த்து எடுத்த பிரிண்ட் வீணாப் போகும். நாலு ஓரத்துல மட்டும் டேப். விரிவா அப்புறம் எழுதறேன்.

பதில் · புதுச்சேரி · 12 ஆகஸ்ட், இரவு 11.15

ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, தாளை ஓரத்துல டேப் போட்டு அட்டை மேல நிறுத்தி, தாளோட சேர்த்துக் குத்தி, தாளைக் கழட்டிட்டு அட்டையிலேயே குறிகளை மையால வரையறது. நேரம் அதிகம், அட்டை பல வருஷம் நிக்கும். பிரஸ்போர்டு பழுப்புங்கிறதால வெள்ளை நூல் தெளிவா தெரியும், ஃபிலிமே தேவையில்லை.

ரெண்டாவது வழி, பிரிண்ட்டை அட்டை மேல வச்சு, மேலே ஒட்டும் ஃபிலிம். வெள்ளைத் தாள்ல வெள்ளை நூல் தெரியாதுங்கிறதால நீல நிற ஃபிலிம், அதுவும் மேட். பளபளப்பா இருந்தா டியூப் லைட் வெளிச்சம் அப்படியே கண்ணுல அடிக்கும். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டற ரேடியம் கடையில ஊடு தெரியற நீல வினைல் மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க.

குத்துற முறை. அடியில 8-லேருந்து 10 மி.மீ. கார்க் ஷீட். தெர்மாகோல் ரொம்ப மெது, அட்டை ஊசியோட சேர்ந்து குழிஞ்சு ஓட்டை புனல் மாதிரி ஆகிடும். ஊசியை அப்பப்போ தேன்மெழுகுல குத்தி எடுத்தா வழுக்கிக்கிட்டு இறங்கும். நேர் விளிம்பை முதல்ல, ஸ்டீல் ஸ்கேல் ஓரம் பிடிச்சு. அப்புறம் சாய்வு வரிசைகள், ஒவ்வொரு சாய்வா. அங்கங்க தாவிக் குத்தினா விட்டுப்போன புள்ளியைத் தேடறதுக்கே நேரம் போகும். கைப்பிடி செங்குத்தா இருக்கான்னு முன்னாலேருந்தும் பக்கத்துலேருந்தும் பாத்துக்கோங்க. வலது கைக்காரங்க ஊசி அநேகமா வலப்பக்கம் சாயும்.

உங்க விளிம்புக்கு எத்தனை ஓட்டைன்னு கணக்கு: 2 மி.மீ. கட்டத்துல மூலைவிட்டு மூலை வச்சா 8 சதுர மி.மீ.க்கு ஒரு ஓட்டை. 300 x 40 மி.மீ. 12,000 சதுர மி.மீ., அதிகபட்சம் 1,500 ஓட்டை. நிமிஷத்துக்கு 25 குத்தினா 1 மணி நேரம். ஒரே மூச்சுல வேண்டாம், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை உதறுங்க. கை அலுத்தா சாய்வு கூடும்.

முடிச்சதும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. விட்டுப்போனது இருட்டா தெரியும். அட்டையோட பின்பக்கம் எழும்பின பிசிரை ஸ்பூன் முதுகால அழுத்தித் தேய்ங்க. உப்புத்தாள் போட்டா ஓட்டை அகலும்.

நேர் விளிம்புக்கு வெளியே குறைஞ்சது 1 செ.மீ. அட்டை விட்டு வெட்டணும்.

பதில் · புதுச்சேரி · 29 ஆகஸ்ட், இரவு 9.30

ரேடியம் கடை வினைல் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். முதல் வாரம் நல்லா இருக்கும். வெயில் ஏறுற அறையில வச்சா பசை இளகி ஓட்டை வழியா மேலே வருது, பின்னோட கால்ல பிசுபிசுன்னு ஒட்டி, அங்கிருந்து நூலுக்குப் போகுது. வெள்ளைக் காட்டன்ல சாம்பல் கோடு. பின்னை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், நூலை ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்குப் பதிலா வெளிர்நீல 80 ஜி.எஸ்.எம். கலர் தாள்ல லேசர் பிரிண்ட் எடுங்க. ஃபிலிமே வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால தாளைத் தேய்ச்சுப் பாத்து, சாயம் ஏறலைன்னா பயன்படுத்தலாம். மேலே காப்பு வேணும்னா அச்சகத்துல போடற மெல்லிய மேட் லேமினேஷன். பவுச் லேமினேஷன் வேண்டாம், அது கெட்டிப் பிளாஸ்டிக், எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சொன்ன அத்தனையும் அதுக்கும் பொருந்தும்.

கேள்வி · கடலூர் முதுநகர் · 2 செப்டம்பர், மதியம் 2.30

பக்கத்து வீட்டுல ஆரி வேலை செய்யறாங்க. ட்ரேசிங் தாள்ல குத்துற கருவி வச்சிருக்காங்க, அதையே வாங்கிக்கலாமா?

பதில் · புதுச்சேரி · 2 செப்டம்பர், இரவு 9.00

கைப்பிடியை வாங்குங்க, ஊசியை மாத்துங்க. ஆரிக்குக் குத்துறது பொடி கீழே இறங்க மட்டும்தான். மண்ணெண்ணெயில கலந்த பொடியை மேலே தேய்ச்சா துணியில புள்ளி விழணும், அவ்வளவுதான் அந்த ஓட்டைக்கு வேலை. அதனால தடிமன், சாய்வு எதையும் அவங்க பாக்க வேண்டியதில்லை. அந்தத் தாளை லேஸ் அட்டைக்குப் பக்கத்துல கூட வைக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊறின தாளோட கறை பிரஸ்போர்டுல ஏறும்.

பதில் · திருப்பாதிரிப்புலியூர் · 5 செப்டம்பர், காலை 10.00

இடையில் ஒன்று. குளூனி லேஸும் புதுச்சேரி குளூனி எம்பிராய்டரி மையமும் ஒன்றா?

பதில் · புதுச்சேரி · 5 செப்டம்பர், இரவு 8.30

இல்லைண்ணா. ரொமேன் ரோலான் வீதி மையம் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரோடது. பிரான்ஸ்ல ஆன்-மரி ஜவூயே 1807-ல தொடங்கின சபை, குளூனிங்கிறது அந்த நாட்டுல இருக்கிற ஒரு ஊர்ப் பேர். அங்க நடக்கிறது கை எம்பிராய்டரி. குளூனி லேஸ் ஒரு பாபின் லேஸ் வகை, அதுக்குப் பேர் வந்தது பாரிஸ்ல இருக்கிற குளூனி அருங்காட்சியகத்தால.

பாபின் லேஸ் தமிழ்நாட்டுல வேரூன்றினது தெற்கே. நாகர்கோவில்ல மிஷனரி குடும்பத்து மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844-ல மணந்து, இடையன்குடிக்கு லேஸைக் கொண்டு போனாங்க.

கேள்வி · கடலூர் முதுநகர் · 20 செப்டம்பர், இரவு 7.45

உருளைத் தலையணைக்கு மாறப் போறேன். விட்டம் 12 செ.மீ., மாதிரி 24 மி.மீ.க்கு ஒரு தடவை திரும்பி வருது. அட்டையோட ரெண்டு முனையும் சேரணும். எப்படிக் கணக்கு?

பதில் · புதுச்சேரி · 20 செப்டம்பர், இரவு 10.40

உருளையோட சுற்றளவு 377 மி.மீ. 24-ஆல வகுத்தா 15.7. முழு எண் வரணும், 16 எடுத்தா 384. அட்டை தடிமனும் சேரும்: 0.38 மி.மீ. அட்டைன்னா 2 x 3.14 x 0.38 = 2.4 மி.மீ. ஆக 379.4 மி.மீ.க்கு 16 மாதிரி. 379.4-ஐ 384-ஆல வகுத்தா 98.8%. அந்த அளவுல பிரிண்ட் எடுங்க.

பதில் · திருப்பாதிரிப்புலியூர் · 21 செப்டம்பர், காலை 9.15

கணக்கில் ஒரு திருத்தம். நீங்கள் எடுத்தது அட்டையின் வெளிப்பக்கச் சுற்றளவு. அட்டை வளையும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுத்தடிமன்தான் தட்டையாக இருந்தபோது இருந்த நீளத்தோடு நிற்கும். புத்தக முதுகு வளைக்கும்போது அட்டைக்கு இதையே பார்ப்போம். எனவே சேர்க்க வேண்டியது 3.14 x 0.38 = 1.2 மி.மீ. மட்டும். 378.2-ஐ 384-ஆல் வகுத்தால் 98.5%.

பதில் · புதுச்சேரி · 21 செப்டம்பர், இரவு 8.20

அண்ணன் சொல்றதுதான் சரி. என் கணக்குல வெட்டினா அட்டை 1.2 மி.மீ. நீளமா வந்து, சேருற இடத்துல மேடு கட்டும். 4 மி.மீ. இடைவெளியில அது கண்ணுக்குத் தெரியும். 98.5%-ல 4 மி.மீ. 3.94 ஆகும், நூலுக்கு அது ஒண்ணுமே இல்லை.

சிறுசாக்க விருப்பம் இல்லைன்னா உருளையைத் தடிமனாக்குங்க. 384 வர்றதுக்கு விட்டம் 121.8 மி.மீ. வேணும், அதாவது சுத்திலும் 0.9 மி.மீ. உறை. ஃபிளானல் துணி ஒரு சுத்து பெரும்பாலும் அந்த அளவுக்கு வரும். சுத்தினதுக்கு அப்புறம் துணி டேப்பால சுற்றளவை அளந்து, கணக்கை அதுக்கேத்த மாதிரி மாத்துங்க. 15 மில் இங்க விறைப்பு, 10 மில்னா சேர்க்க வேண்டியது 0.8 மி.மீ. மட்டும்.

முனைகளை வெட்டும்போது ஓட்டை வரிசை வழியா வெட்டாதீங்க. ரெண்டு சாய்வு வரிசைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வெட்டுங்க, அப்போதான் எந்த ஓட்டையும் பாதியா நிக்காது.

கேள்வி · கடலூர் முதுநகர் · 9 நவம்பர், காலை 8.10

நாலு நாளா மழை. லேமினேஷன் போட்ட அட்டை ஓரம் மேல் நோக்கிச் சுருண்டுடுச்சு. லேமினேஷன் இல்லாதது பரவாயில்லை.

பதில் · புதுச்சேரி · 9 நவம்பர், இரவு 9.25

மேல்பக்கம் லேமினேஷன் ஈரத்தை உள்ளே விடாது, கீழ்ப்பக்கம் வெறும் அட்டை ஈரத்தைக் குடிச்சு விரியுது. ஒரு பக்கம் விரிஞ்சு மறுபக்கம் விரியாம இருந்தா விரியாத பக்கம் பாத்துதான் சுருளும். ரெண்டு பக்கமும் போடணும், இல்லை ரெண்டு பக்கமும் விடணும். போடறதா இருந்தா அட்டையை முதல்ல உலர்த்துங்க, வெறும் இஸ்திரிப் பெட்டி மிதமான சூட்டுல, மேலே துணி போட்டு. டோனர் (லேசர் பிரிண்ட்டோட மைப்பொடி) இருக்கிற பக்கம் சூடு பட வேண்டாம், ஒட்டிக்கும்.

இப்போ சுருண்டதை ரெண்டு பிளைவுட் நடுவுல வச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு, ஒரு வாரம் பாரம் ஏத்துங்க. நிமிர்ந்ததும் 100 மி.மீ. கோட்டை மறுபடி அளங்க. அட்டையோட நார் போற திசைக்குக் குறுக்கே விரிவு அதிகம். அடுத்த தடவை வெட்டும்போது நார் மாதிரியோட நீளவாக்குல ஓடற மாதிரி வெட்டுங்க. அட்டையோட சின்னத் துண்டை நனைச்சா சுருளும், சுருள் எந்தப் பக்கம் குழாய் மாதிரி நீளுதோ அதுதான் நார்த் திசை.

கேள்வி · கடலூர் முதுநகர் · 14 நவம்பர், மாலை 5.50

கல்யாணப் பத்திரிகைக்கு லேசர் கட்டிங் பண்ற கடையில 1,500 ஓட்டையும் ரெண்டே நிமிஷத்துல போட்டுத் தரோம்ங்கறாங்க.

பதில் · புதுச்சேரி · 14 நவம்பர், இரவு 10.05

லேசர் பொருளை எரிச்சு எடுத்துருது. ஊசி நாரை ஒதுக்கித் தள்ளுது, பின் இறங்கினதும் அந்த நார் திரும்பி வந்து பிடிக்குது. எரிச்ச ஓட்டையில திரும்பி வர நார் இல்லை. அதோட விளிம்புல கருகின பழுப்பு, வெள்ளை நூல் உரசினா ஏறும். வேணும்னா லேசரை ஓட்டை போடாம, குறைஞ்ச சக்தியில மேலே லேசா புள்ளிக் குறி மட்டும் போடச் சொல்லுங்க. ஊசி அந்தக் குழியில தானா உட்காரும். அது நல்ல உபயோகம்.

கேள்வி · கடலூர் முதுநகர் · 23 நவம்பர், காலை 11.30

கடைசியா ஒண்ணு. சண்டே மார்க்கெட் பழைய பேப்பர் கட்டுல குத்து அட்டை ஒண்ணு கிடைச்சது. மை எல்லாம் மங்கிப் போச்சு, ஓட்டை மட்டும் இருக்கு. அதை நகல் எடுக்க?

பதில் · புதுச்சேரி · 23 நவம்பர், இரவு 9.50

ஊசியை அதுல இறக்காதீங்க, பழைய ஓட்டை அகலும். ரெண்டு தடவை நகல் எடுங்க.

ஒண்ணு, ஸ்கேனர்ல கறுப்புத் தாளைப் பின்னால வச்சு 600 டி.பி.ஐ.யில. பக்கத்துல ஸ்டீல் ஸ்கேலையும் சேர்த்து வையுங்க, அளவு கையோட இருக்கும்.

இன்னொண்ணு தேய்ப்பு. அட்டையைக் கவுத்துப் போட்டு, மேலே மெல்லிய வெள்ளைத் தாள், செருப்புத் தைக்கிறவங்க வச்சிருக்கிற கறுப்பு மெழுகைப் படுக்கையா பிடிச்சு லேசா தேய்ங்க. பின்பக்கம் ஊசி வெளியே வந்த இடத்துல பிசிர் மேடா இருக்கும், ஒவ்வொண்ணும் கறுப்புப் புள்ளியா விழும். முன்பக்கம் தேய்ச்சா பாதிதான் கிடைக்கும். பின்பக்கத்துலேருந்து எடுக்கிறதால மாதிரி இடம் வலம் மாறி இருக்கும். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில வச்சு, புள்ளிகளை மறுபக்கம் மையால எடுத்துக்கிட்டு, அதுக்கு அப்புறம் குத்துங்க.